ஆறு கால்களில் வந்த அருள்

அருணாசுரன் கேட்டு வாங்கிய வரம் சாமானியமானது அல்ல. போரில் சாகக் கூடாது; ஆயுதத்தால் சாகக் கூடாது; ஆணாலும் பெண்ணாலும் சாகக் கூடாது; இரண்டு கால் உள்ளதாலும் நான்கு கால் உள்ளதாலும் சாகக் கூடாது. பிரம்மனும் கொடுத்துவிட்டான். அதன் பிறகு தேவலோகத்து வில்லும் வேலும் வச்சிராயுதமும் இருந்தும் இல்லாதவை ஆயின. கடைசியில் தேவி வந்தாள். அவன் எண்ணாமல் விட்ட கால்களை அவள் எண்ணி வைத்திருந்தாள். அவள் ஏவியது வண்டுகளை. ஆறுகால் உயிர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அசுரனைத் துளைத்துக் கொன்றன. தேவி பாகவதம் சொல்லும் கதை இது. மங்களூருக்கு அருகே நந்தினி ஆற்றின் நடுவில் இருக்கும் கடீல் துர்கா பரமேசுவரி கோயிலின் தலபுராணமும் இதுவே. ஸ்ரீசைலத்தில் அவள் பிரமராம்பாளாக அமர்ந்திருக்கிறாள்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். நானும் கேட்டிருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். அது என் உடம்புக்குள் இறங்கியது பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில்தான்.

அங்கே என் அக்கா வீடு. பாட்டரி ரோட்டுப் பக்கம். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் நான்கும் ஒரே வாசலில் ஒலிக்கும் கன்டோன்மென்ட் பகுதி. மாமாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. உள்ளங்காலில் வந்த புண் ஆறவில்லை. கணுக்கால் வரை வீங்கி, குளிர்ஜுரம் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணிலிருந்து எடுத்ததைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. அதற்குக் கீழே ஒவ்வொரு மருந்தின் பெயரும், அதற்கு எதிரே ஓர் எழுத்தும். மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றால் ‘எஸ்’. அடங்காது என்றால் ‘ஆர்’. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். ஆர். ஆர். ஆர். மிகவும் முற்றிய தொற்றுக்கென்று வைத்திருக்கும் மெரோபெனத்துக்கு எதிரேயும் ஆர்.

“இன்னும் ஒரே ஒரு மருந்துதான் மீதி இருக்கு, அம்மா. கொலிஸ்டின். கிட்னியைப் பதம் பார்க்கும். ஆனா வேற வழி இல்லை” என்றார் டாக்டர். அவர் குரலில் இருந்த பரிவை நான் மறக்கமாட்டேன்.

அந்தத் தாளில் நான் வாசித்தது அருணாசுரனின் வரத்தை. இதனால் சாகமாட்டேன், அதனால் சாகமாட்டேன் என்று அவன் அடுக்கிக்கொண்டே போன பட்டியல், ஆஸ்பத்திரி முத்திரையோடு என் கையில் இருந்தது.

இது எங்கள் வீட்டுத் துயரம் மட்டும் அல்ல. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கிருமிகள் ஏதோ ஒரு விதத்தில் பங்கெடுத்த சாவுகள் 49 லட்சத்துக்கும் மேல். மெரோபெனம் போன்ற மருந்துகளை வெட்டிப்போடும் நொதி ஒன்றுக்கு நம் தலைநகரின் பெயரே வைக்கப்பட்டுவிட்டது. அது இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010இல் உலகுக்குக் காட்டிய ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் சென்னையில் மருத்துவர்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். இந்த வரத்தைக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம்.

ஆம், வரம் கொடுத்தது யார்? அசுரன் தவம் செய்தான், பிரம்மன் கொடுத்தான் என்கிறது புராணம். இங்கே பிரம்மன் நாம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கி விழுங்கிய ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும், ஜுரம் விட்டதும் பாதியில் நிறுத்திய ஒவ்வொரு பட்டையும், கோழிக்கும் மீனுக்கும் தீவனத்தில் கலந்த ஒவ்வொரு பொட்டலமும் அந்தக் கிருமிகளுக்கு நாம் கொடுத்த வரமே.

மாலையில் அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு நடந்து வருவேன். ரிச்சர்ட்ஸ் பார்க்கில் சற்று உட்காருவது வழக்கமாயிற்று. மரங்கள் பெரியவை, பழையவை. உயரமான ஒரு தூங்குமூஞ்சி மரக்கிளையில் மலைத்தேனீக்கள் அடை கட்டியிருந்தன. ஒற்றை அடை, முறத்தகலம், கறுத்து, உயிரோடு. காவலுக்கு வெளியே படர்ந்திருக்கும் தேனீக்கள் சட்டென்று ஒருசேர உடம்பைத் தூக்க, அடையின் மேல் ஓர் அலை ஓடி மறையும். அதை அண்ணாந்து பார்த்தபடி மனம் தானாகப் பிரமராம்பாளை அழைத்தது. அம்மா, ஆறுகாலைக் கொண்டுவா என்று வாய்விட்டுச் சொன்னேன். வேண்டுதல் என்று நினைத்துச் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது போல வந்துவிட்டது.

அன்றிரவு தூக்கம் வராமல், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. 1989இல் பெல்ஜியத்து விஞ்ஞானிகள் தேனீயின் குருதிநீரிலிருந்து பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் அபிடேசின். பதினெட்டே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரடு.

தேனீ. நான் யாரை அழைத்தேனோ அவளுடைய படை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து நின்றேன். பூஜை அறையில் விளக்கு அணைந்திருந்தது; ஏற்றினேன். அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அவள் என் மாமாவைக் காப்பாற்றிவிட்டாள் என்று அதற்குப் பொருள் இல்லை. அப்படி எந்த உறுதியும் என்னிடம் அப்போது இல்லை. நாங்கள் திக்கற்று நின்ற இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள் என்பதே என்னை உலுக்கியது. நாம் பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, நமக்குக் கைகால் முளைப்பதற்கு முன்பே, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, பூச்சிகளின் உடம்பில் அவள் இந்த மருந்தை ஊற்றி வைத்திருக்கிறாள். திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாக ஊர்ந்துபோய் ஈசனைத் தொழுதார்கள். திருவண்டுதுறையில் பிருங்கி முனிவர் வண்டாகி வழிபட்டார். நம் முன்னோர் சிற்றுயிரின் உருவத்தில் தெய்வத்தை அணுகச் சொன்னது வெறும் அலங்காரமில்லை என்று அந்த இரவில் எனக்குத் தெரிந்தது.

படித்ததெல்லாம் தோத்திரமாகவே ஓடியது. பூச்சிகளுக்கு நம்மைப் போல ஆன்டிபாடிகள் கிடையாது. அழுகலிலும் சாணத்திலும் பிணத்திலும் பிறந்து வளரும் உயிர்கள் அவை. கிருமிகளுக்கு நடுவிலேயே வாழ்க்கை. எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஸ்வீடனின் ஹான்ஸ் போமன். செக்ரோபியா என்னும் பெரிய பட்டு அந்துப்பூச்சியின் உறங்கும் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாக்களை ஊசியால் செலுத்திப் பார்த்தார். புழு சாகவில்லை. அதன் குருதிநீர் கிருமிக்கொல்லியாக மாறியிருந்தது. அதிலிருந்த பெப்டைடுகளின் அமைப்பை அவரும் உடன் உழைத்தவர்களும் 1981இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். செக்ரோபின் என்று பெயர் வந்தது. பழ ஈயில் இந்தக் காவலைத் தட்டி எழுப்பும் விசை எது என்று காட்டிய ஜூல் ஹாஃப்மனுக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செக்ரோபின் வேலை செய்யும் விதத்தை நான் பல நாள் தியானித்திருக்கிறேன். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. பெப்டைடு நேர்மின்னேற்றம் உடையது. ஒன்றை ஒன்று இழுக்கிறது. தண்ணீரில் மிதக்கும்வரை உருவமற்றுக் கிடக்கும் அந்தச் சரடு, கிருமியின் சவ்வைத் தொட்டதும் சுருள் படிக்கட்டாக எழுந்து நிற்கிறது. ஒரு பக்கம் நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் சவ்வுக்குள் அமிழ்கிறது. பலவும் சேர்ந்து அமிழும்போது சவ்வு ஓட்டைப் பானையாகிறது. உள்ளிருப்பது ஒழுகி, சில நிமிடங்களில் கிருமி முடிந்துவிடுகிறது. நம் உயிரணுவின் வெளிப்புறத்தில் அந்த மின்னேற்றம் அநேகமாக இல்லை, கொலஸ்ட்ராலும் சேர்ந்து சவ்வைக் கட்டிக் காக்கிறது. எனவே பெரும்பாலும் நம்மை விட்டுவிடுகிறது. கொல்ல வேண்டியதையும் விட வேண்டியதையும் பிரித்தறியும் அறிவு, முப்பத்தேழு அமினோ அமிலங்களுக்குள்! நான் இதற்கு முன்னால் கைகூப்பாமல் வேறு என்ன செய்வேன்?

தேனீயின் அபிடேசின் துளை போடுவதில்லை. அது கிருமிக்குள் நுழைந்து, புரதம் செய்யும் ரைபோசோமில் போய் உட்காருகிறது. புரதம் செய்து முடித்து இறக்கிவிட வேண்டிய கடைசி நொடியில், இறக்கிவிடும் காரணியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. வேலை முடிகிற தறுவாயில் முடக்கம். வட அமெரிக்க நாவாய்ப்பூச்சி ஒன்றின் தனாட்டின் என்ற பெப்டைடு இன்னொரு வழி அறியும்: கிருமி தன் வெளிச்சுவரைக் கட்டப் பொருள் அனுப்பும் புரதப் பாலத்தைப் பிடித்து அடைத்துவிடும். கிளெப்சியெல்லாவுக்கும் அந்த வெளிச்சுவர் உண்டு. அதைப் படித்தபோது மாமாவின் கால் கண்முன் வந்தது.

அவர் படுத்திருந்த ஊரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1898இல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. நெரிசலான பேட்டைகளும் கன்டோன்மென்ட் சந்துகளும் மனிதர்களை இழந்தன. அதே 1898இல்தான் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து எலிக்கு அந்த நோயைச் சுமந்து போவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சாவுகளிலிருந்துதான் எழுந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய ஃபிரேசர் டவுனுக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மக்கள் அப்போது அம்மனைக் கூப்பிட்டார்கள். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் என்று கோயிலே எழுந்தது. நோயின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்ட தாய்! ஒரு பூச்சி சுமந்த சாவுக்கு அஞ்சி இந்த மண்ணில் ஒரு தலைமுறை அவளிடம் ஓடியது. அதே மண்ணில் உட்கார்ந்து, இன்னொரு பூச்சியில் அவள் வைத்த மருந்தைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தேன். அழித்தலும் காத்தலும் ஒரே கையில் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய தத்துவத்துக்கு ரிச்சர்ட்ஸ் டவுனின் வீதிகளே சாட்சி.

பட்டுப்புடவையைத் தொடும்போதெல்லாம் எனக்கு இப்போது வேறொரு நினைவு வருகிறது. பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரத்தின் பட்டுக்கூட்டுச் சந்தை நாடறிந்தது. அங்கே குவியும் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் இருந்த புழு தன் குருதியில் இந்தக் கலையை அறிந்தே பிறந்தது. மல்பெரிப் பட்டுப்புழுவிலிருந்து 1995இல் ஜப்பானியர்கள் மோரிசின் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸையும் அது கொல்லும். அம்மனுக்குப் பட்டுச் சாத்துகிறோம். பட்டு தந்த உயிரை நான் அதுவரை ஒருமுறையும் வணங்கியதில்லை. இப்போது வணங்குகிறேன்.

இந்த ஊரிலேயே இதற்கு ஊழியம் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்தது இன்னொரு பேரானந்தம். ஊழியம் என்ற சொல்லை மனமறிந்தே எழுதுகிறேன். இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கியவர் ஜி.என். ராமச்சந்திரன். ஒரு பெப்டைடுச் சரடு எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு வரைந்து காட்டிய மேதை. செக்ரோபின் சுருளாக எழுந்து நிற்பது அந்த வரைபடம் அனுமதித்த இடத்தில்தான். அவர் கால் பதித்த அதே நிறுவனத்தில் நாகசுமா சந்திரா, தீபேஷ் நாகராஜன் முதலியோர், இயற்கையில் கிடைத்த சுருள் வடிவ பெப்டைடுகளின் அமைப்பைக் கணினியில் ஆராய்ந்து, ஒமேகா 76 என்ற புதிய பெப்டைடை வடிவமைத்தார்கள். மெரோபெனம் வகை மருந்துகளுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் கிருமி தொற்றிய எலிகளை அது காப்பாற்றியது. அந்த ஆய்வு 2019இல் சயன்ஸ் அட்வான்ஸஸ் இதழில் வெளிவந்தது. ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் ஜயந்த ஹல்தாரின் குழு, இந்தப் பெப்டைடுகளைப் போல நடந்துகொள்ளும் சிறு மூலக்கூறுகளைச் செய்கிறது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் ஆர். நாகராஜ் பல்லாண்டுகள் இதே பெப்டைடுகளோடு வாழ்ந்தார். கோபுரத்தில் கல் சுமந்தவர்களுக்கு நிகராக இவர்களை நான் வைக்கிறேன்.

பக்தி பொய் சொல்லக் கூடாது. எனவே இதையும் எழுதுகிறேன். பூச்சியின் பெப்டைடு இன்னும் ஊசி மருந்தாக நோயாளியின் படுக்கைக்கு வந்து சேரவில்லை. நம் இரத்தத்திலுள்ள நொதிகள் அதைச் சீக்கிரமே துண்டாடிவிடுகின்றன. சில பெப்டைடுகள் கிருமியோடு நம் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். தேனீ விஷத்தின் மெலிட்டின் அப்படிப்பட்டது. செய்யும் செலவும் அதிகம். தவளைத் தோலின் பெப்டைடை முன்மாதிரியாகக் கொண்ட பெக்சிகனான் என்ற மருந்து, எங்கள் மாமாவுக்கு வந்த மாதிரி சர்க்கரைப் புண்ணுக்கென்றே தயாராகி, 1999இல் அமெரிக்க ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோனது. இவற்றுக்கும் கிருமிகள் பழகிக்கொள்ள முடியும். சவ்வைத் துளைப்பவற்றுக்கு எதிராகச் சவ்வையே மாற்ற வேண்டியிருப்பதால் அது எளிதில்லை, அவ்வளவுதான். ஈயின் புழுக்களைக் கிருமி நீக்கி வளர்த்து, ஆறாத புண்ணில் விட்டுச் சுத்தம் செய்யும் முறைக்கு அமெரிக்கா 2004இல் அனுமதி தந்தது. அந்தப் புழுக்களில் லூசிஃபென்சின் என்ற பெப்டைடு இருப்பது 2010இல் தெரிந்தது. அது மருத்துவமனையில், தேர்ந்தவர்கள் கையில் செய்யும் சிகிச்சை. வீட்டில் யாரும் தேனீயையோ புழுவையோ புண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள். அன்னையின் பெயரால் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவைக் காப்பாற்றியது கொலிஸ்டின். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது, பிறகு மெல்ல இறங்கியது, ஆனால் பழைய அளவுக்கு இறங்கவில்லை. இரண்டு விரல்கள் போயின. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பிழைத்துவிட்டாரே என்று நன்றி சொல்கிறோம். ஒரு பாக்டீரியா செய்கிற பெப்டைடுதான் கொலிஸ்டின் என்பதையும் பிறகு படித்தேன். எங்கள் கையில் மீதியிருந்த கடைசி ஆயுதமும் ஒரு சிற்றுயிர் நெய்த சரடுதான்! அதைப் படித்த அன்று பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன். அவள் எத்தனை உருவத்தில் வருவாள் என்று எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. வந்திருந்தாள். அது தெரியும்.

மாமா வீடு திரும்பிய பிறகு அக்காவும் நானும் ஆடி வெள்ளியில் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போனோம். கூழ் ஊற்றினார்கள். கற்பூரம் காட்டும்போது சன்னதியின் குழல்விளக்கைச் சுற்றி ஈசல்கள் பறந்தன. பூசாரி துணியால் விரட்டப் போனார். “இருக்கட்டும் ஐயா, விடுங்க” என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்; அவளுக்குத் தெரியும். தீபாராதனையில் அம்மன் முகமும் அந்தச் சிறகுகளும் ஒரே வெளிச்சத்தில் மின்னின. எது மூர்த்தி, எது பரிவாரம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாத்திரைப் பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அதை டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். 2016இலிருந்து அரசு இதைச் சொல்லி வருகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை உயிரியல் படிக்க ஆசைப்பட்டால், பூச்சிகளைப் பற்றி ஆராய விரும்பினால், தடுக்காமல் அனுப்பிவையுங்கள். பிரமராம்பாளின் படைக்கு ஆள் தேவைப்படுகிறது.